நம் வயலடியிற் கிடக்கும் பழங்கடல்: கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையின் வரலாறு

ஓர் ஊரின் பெயர் பட்டாவிலும் அடங்கலிலும் நிலவரைபடத்திலும் காணப்படுவது இயல்பு. சுற்றுப்புறத்தைக் கடந்துவிட்டால் அப்பெயரை அறிவார் மிகச் சிலரே. அரியலூருக்கு அண்மையிலுள்ள கல்லங்குறிச்சியோ இதற்கு விலக்காக அமைந்திருக்கின்றது. தென்னிந்தியாவின் பழம்பாறைகளைப் பற்றி எந்தத் தேசத்திலிருந்து ஆராய்வோரும், நம் நாட்டுப் பேரூர்கள் பலவற்றின் பெயரை அறியாதவராயினும், கல்லங்குறிச்சி என்னும் பெயரை அறிந்தே தீரவேண்டும். பூகர்ப்ப சாஸ்திர நூல்களில் ஒரு பாறைக்கே அவ்வூரின் பெயர் இடப்பட்டிருக்கின்றது.

இப்பெயர் எவ்வாறு அங்கே சென்றது, அப்பாறை எவ்வாறு உண்டாயிற்று, அதன்மீது உழுது பயிரிடும் மிராசுதார்களுக்கும் அவ்வூர்களை நிர்வகிக்கும் கிராம அதிகாரிகளுக்கும் அதனால் அறியவேண்டுவது யாது என்பனவற்றை இவ்வியாசத்திற் சுருக்கமாக எழுதுவோம். இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. நம் நிலத்தின் குணமும் குறையும் இவ்வரலாற்றிலேயே அடங்கியிருக்கின்றன. அன்றியும், இவ்வரலாற்றின் ஏடுகள் ஒவ்வொன்றாக நம் கண்முன்னரே அழிந்துவருகின்றன. அவற்றைக் காப்பது பெரும்பாலும் நிலமுடையார் கையிலேயே இருக்கின்றது.

ஊரின் பெயரும் பாறையின் பெயரும்

கல்லங்குறிச்சி என்னும் பெயரில் ‘கல்’ என்னும் சொல் முன்னிற்கின்றது. ‘குறிச்சி’ என்பது பழைய நிகண்டுகளிற் குறிஞ்சி நிலத்தூரைக் குறிக்கும் சொல்லாகும். பிற்காலத்தில் மலையில்லாத சமவெளி ஊர்களுக்கும் அது வழங்கலாயிற்று. சுற்றுப்புறத்து மக்கள் இவ்வூரை அறிந்திருப்பது கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலால். அங்கே நெடிய கல்தூணே பெருமாளாக வழிபடப்படுகின்றது. தம் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து செலுத்தும் குடியானவர்கள் பலர். கல்லாற் பெயர்பெற்ற ஊர், கல்லை வழிபடும் ஊர், பின்னர்த் தன் பெயரையே ஒரு கல்லுக்குத் தந்த ஊராகவும் ஆயிற்று.

பூகர்ப்ப சாஸ்திரிகள் பாறைகளுக்குப் பெயரிடுவதில் ஒரு முறை வைத்திருக்கின்றனர். ஒரு வகைப் பாறை எவ்விடத்தில் நன்கு வெளிப்பட்டுத் தோன்றுகின்றதோ, அவ்விடத்தின் பெயரையே அதற்குச் சூட்டுவர். அதன்படி நம் பகுதியின் பாறைகளுக்கு ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி, நின்னியூர்த் தொகுதி என்ற பெயர்கள் வழங்குகின்றன. அரியலூர்த் தொகுதியையும் நான்கு அடுக்குகளாகப் பிரித்து, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு என்னும் ஊர்ப்பெயர்களால் வழங்குகின்றனர். பெரம்பலூர் 1995ஆம் ஆண்டிலும் அரியலூர் 2007ஆம் ஆண்டிலும் தனி ஜில்லாக்களாக நிலைபெறுமுன், இவ்வூர்கள் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. ஆதலாற் பழைய நூல்களில் இவையனைத்தும் ‘திருச்சிராப்பள்ளிப் பாறைகள்’ என்றே குறிக்கப்படும்.

கடல் வந்ததும் போனதும்

கிழக்குக் கடற்கரை இன்று நமக்குத் தொலைவில் இருக்கின்றது. 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. இந்தியா அக்காலத்தில் தெற்கேயிருந்த பெருநிலத்தினின்று பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது கடல் உட்புகுந்து, இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின்மீது பரவியது. மேற்கே கருங்கற்பாறை நிலமே அதற்குக் கரையாக நின்றது.

அக்கடலின் அடியிற் படிந்த சேறும் மணலும் சிப்பியும் அடுக்கடுக்காக இறுகிப் பாறைகளாயின. அவ்வடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கின்றன. ஆகையால், ஊட்டத்தூர், காரை முதலிய இடங்களிலிருந்து கிழக்கே அரியலூரை நோக்கி வருகிறவர், அறியாமலே பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குக்கு வருகின்றார். ஒரு நாளில் நடக்கக்கூடிய அவ்வழி சில கோடி ஆண்டுகளின் வரலாற்றைக் கடந்து செல்கின்றது. காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களிற் காணப்படும் நீண்ட குண்டு போன்ற கற்களும், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கற்களும் அக்கடலில் வாழ்ந்த பிராணிகளின் எச்சங்களே.

கல்லங்குறிச்சி அடுக்கு ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அப்போது இங்கிருந்த கடல் ஆழமற்றது. அதன் அடியில் தடித்த ஓடுடைய சிப்பிகள் திரள்திரளாக வாழ்ந்து மடிந்தன. ‘கிரிபியா’ எனப்படும் வளைந்த சிப்பி இப்பாறையில் எண்ணிறந்து கிடக்கின்றது. அதனுடன் பாசிப்பிராணிகள், கடல் முள்ளெலி எனப்படும் உருண்டைப் பிராணிகள், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்ணோட்டுப் பிராணிகள் முதலியனவும் கலந்திருக்கின்றன. பின்னர்க் கடல் பின்வாங்கியது. கல்லமேட்டு அடுக்கிற் காண்பது ஆறுகள் கொணர்ந்த மணலும் களியுமாகும். அதன்பின் ஒருமுறை மீண்டும் கடல் வந்தது. அதன் அடையாளமே நின்னியூர்ப் பாறை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், அதாவது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், உலகமெங்கும் பேருயிரினங்கள் பல அடியோடு அழிந்தன. அவ்வழிவுக்கு முன்னும் பின்னும் உள்ள பாறைகளை ஒரே தாலுகாவினுள் காணக்கூடிய இடங்கள் உலகிற் சிலவே. அவற்றுள் ஒன்று நம்முடையது.

சுண்ணாம்பின் பிறப்பு

மேற்கூறிய காலத்துக்கு மேனாட்டார் ‘கிரிட்டேஷியஸ்’ என்று பெயர் வைத்திருக்கின்றனர். 1822ஆம் ஆண்டில் தோமாலியுஸ் தாலுவா என்னும் பெல்ஜிய அறிஞர் இப்பெயரை வழக்கிற் கொணர்ந்தார். ‘கிரீட்டா’ என்னும் லத்தீன் சொல்லுக்கு வெண்சுண்ணக்கட்டி என்பது பொருள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் அக்காலத்துக் கடலடியில் வெண்சுண்ணம் மலைபோற் படிந்திருத்தலே அப்பெயருக்குக் காரணம். ஆகவே, ஒரு முழு யுகத்துக்கே சுண்ணாம்பின் பெயர் அமைந்துவிட்டது.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பும் கிளிஞ்சலைச் சுட்டுப் பெறப்படுவதை நாம் அறிவோம். கல்லங்குறிச்சிப் பாறையும் கிளிஞ்சலே. காலம் ஒன்றே வேற்றுமை. 1904ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் சிமெண்ட் தொழிற்சாலை சென்னை வண்ணாரப்பேட்டையில் தொடங்கப்பட்டபோது, அதற்கு வேண்டிய சுண்ணாம்புக்குக் கடற்சிப்பிகளையே உபயோகித்தனர். அம்முயற்சி நீடிக்கவில்லை. கடற்கரையில் அரித்தெடுத்த புதுச்சிப்பியைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியான பழஞ்சிப்பி திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வயல்களடியில் அப்போதும் கிடந்தது. 1939ஆம் ஆண்டிற் கல்லக்குடியை அடுத்து டால்மியாபுரம் தொழிற்சாலை தோன்றியது. அங்கே வெட்டியெடுக்கப்பட்ட பாறை, ஊட்டத்தூர்க் காலத்துப் பவளத்திட்டுகளால் ஆனது. 1979ஆம் ஆண்டில் அரியலூரில் சர்க்கார் சிமெண்ட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் அதற்குப் பயன்படலாயிற்று. இந்நாட்டில் எழும் கட்டடங்கள் பலவற்றின் சுவரில் அப்பழங்கடலின் சிப்பி தூளாகக் கலந்திருக்கின்றது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிதல் வேண்டும். நம் கரிசல் நிலங்களில் உழும்போது அகப்படும் சுக்கான் கல்லும் சுண்ணாம்பே. ஆனால் அது கடலில் உண்டானதன்று. மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து, பின் வெயிலில் நீர் வற்றும்போது, அச்சுண்ணாம்பு முண்டு முண்டாகத் திரண்டு சுக்கான் கல்லாகின்றது. சிப்பியின் வரியும் வளைவும் தெரிவது கடற்பாறை. அவையின்றிக் கரடுமுரடான உருண்டையாயிருப்பது பெரும்பாலும் சுக்கான் கல்.

கல்லைத் தேடி வந்தவர்கள்

சென்னை இராஜதானியின் சிவில் உத்தியோகஸ்தராயிருந்த கே என்பவரும், கன்லிஃப் என்பவரும், 1840ஆம் ஆண்டை ஒட்டிப் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் இத்தகைய கற்சிப்பிகளைத் திரட்டினர். அவை லண்டனுக்குச் சென்றன. எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் இயற்கை நூலறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846ஆம் ஆண்டில் விவரம் வெளியிட்டார்.

ஃபோர்ப்ஸ் இட்ட பெயர்களே வியப்புக்குரியவை. ஆட்டுக்கொம்பு போற் சுருண்ட ஓடுடைய கடற்பிராணிக்கு மேனாட்டார் ‘அம்மோனைட்’ என்பர். ஆட்டுக்கொம்புடன் சித்திரிக்கப்பட்ட ‘அம்மோன்’ என்னும் எகிப்திய தெய்வத்தின் பெயரே அதற்கு மூலம். ஃபோர்ப்ஸ் அவ்வினத்துள் இந்தியாவிலிருந்து வந்த புதிய வகைகளுக்கு இந்திய தெய்வங்களின் பெயர்களையே சூட்டினார். பிரமா, விஷ்ணு, இந்திரன், வருணன், சூரியன், கணேசர் என்பன அவற்றுட் சில. புத்தருக்குரிய ‘சுகதர்’ என்னும் பெயரையும் விடவில்லை. பின்னர் அதே வகைப் பிராணிகள் வேறு தேசங்களின் பாறைகளிலும் அகப்பட்டன. சாஸ்திர விதிப்படி முதலில் இட்ட பெயரே நிற்கும். ஆதலால் ஜப்பானில் அகப்பட்டது சுகதர் பெயரையும், கனடாவின் மேற்குக்கரையில் அகப்பட்டது இந்திரன் பெயரையும், தென்துருவத்தருகே அகப்பட்டது வருணன் பெயரையும் தாங்கலாயின.

இதில் மற்றொரு பொருத்தமும் உண்டு. நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமங்களுட் பலவற்றினுள்ளே காணப்படும் சக்கரமும் அம்மோனைட்டின் சுருளே. அவை நம் பாறைகளினும் பழமையானவை. எகிப்தியர் தெய்வத்தின் கொம்பையும், நம்மவர் திருமாலின் சக்கரத்தையும் அதே வடிவிற் கண்டனர். பூஜைப்பெட்டியில் வைத்துப் போற்றப்படும் பொருளின் இனத்தையே நம் உழவர் சிலர் வரப்பில் வீசியெறிந்தும் விடுகின்றனர்.

கல்கத்தாவில் 1851ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு என்பவர், அதன்பின் இங்கு வந்து ஊர் ஊராக நடந்து பாறைகளை அளந்து வரைபடம் தீட்டினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் மூன்று பிரிவுகளை 1862ஆம் ஆண்டில் வகுத்தவர் அவரே. இவரைப் பற்றி விவசாயிகள் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1875ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆராய்ச்சி இலாகா ஏற்பட்டபோது அதற்கு முதல் தலைவராக அமர்ந்தவரும் இவரே. இமயமலையில் விழும் பனியின் அளவுக்கும் அதனையடுத்து வரும் பருவமழைக்கும் தொடர்புண்டென்று கண்டு, பருவமழையை முன்னறிந்து கூறும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். அரியலூர் வெயிலிற் கல்லை அளந்தவரே பின்னர் இந்தியா முழுமைக்கும் மழையை அளந்தார் எனலாம்.

பிளான்ஃபோர்டுக்குப் பின் மொரேவியா தேசத்தவராகிய ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா, தென்னிந்தியக் கற்சிப்பிகளைப் பற்றி நான்கு பெருந்தொகுதிகள் எழுதினார். அவற்றின் கடைசிப் பகுதி 1873ஆம் ஆண்டில் முடிந்தது. மறுவருஷமே, யார்க்கந்துக்குச் சென்ற தூதுக்குழுவுடன் திரும்புகையில், லடாக்கின் மலைப்பாதையில் 36 வயதில் அவர் இறந்தார். அதற்குப் பின் ஃபிரான்ஸ் காஸ்மட் என்னும் ஆஸ்திரிய அறிஞர், 1895 முதல் 1898 வரை வெளியிட்ட நூலில் இங்குள்ள அம்மோனைட்டுகளை மீண்டும் வகைப்படுத்தினார். அவர் ஒரு வகைக்கு வரகூரின் பெயரை இட்டார். வரகு விளைந்ததாற் பெயர்பெற்ற ஊர் போலும்! புன்செய்த் தானியம் ஒன்றின் பெயர் இவ்வாறு கடற்பிராணியின் பெயரிலும் ஏறிவிட்டது.

எருவாகக் கருதப்பட்ட உருண்டைகள்

இப்பாறைகளுக்கும் விவசாயத்துக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. 1893ஆம் ஆண்டில் டாக்டர் வார்த் என்பவர், ஊட்டத்தூரை அடுத்த களிப்பாறைகளில் பாஸ்பேட் உருண்டைகள் சிதறிக்கிடப்பதை ஆராய்ந்தார். 200 அடி ஆழம்வரை கணக்கிட்டால் அங்கே 80 லட்சம் டன் உருண்டைகள் இருக்கலாமென்று அவர் மதிப்பிட்டார். அவற்றில் 56 முதல் 59 சதவிகிதம் வரை சுண்ணாம்பு பாஸ்பேட் இருந்தது. கடற்பிராணிகளின் உடலிலிருந்த பாஸ்பரஸ் சத்து, கடலடிச் சேற்றில் இவ்வாறு திரண்டு கல்லாயிற்று.

இத்தகைய உருண்டைகளுக்கு இங்கிலாந்தில் ஒரு கதை உண்டு. பக்லண்டு என்னும் அறிஞர் பழம்பிராணிகளின் கல்லாகிய சாணத்துக்கு 1829ஆம் ஆண்டில் ‘கொப்ரோலைட்’, அதாவது ‘சாணக்கல்’, என்று பெயரிட்டார். பிறகு எரு வியாபாரிகள் சாணமல்லாத பாஸ்பேட் உருண்டைகளையும் அப்பெயராலேயே வழங்கினர். 1842ஆம் ஆண்டில் லாஸ் என்பவர், பாஸ்பேட்டைக் கந்தகத் திராவகத்தால் கரைத்து ‘சூப்பர் பாஸ்பேட்’ செய்யும் முறைக்குத் தனியுரிமை பெற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் முதலிய இடங்களில் ‘சாணக்கல்’ வெட்டுதல் பெருந்தொழிலாயிற்று. இன்று நாம் மூட்டையில் வாங்கும் சூப்பர் பாஸ்பேட்டின் பிறப்பு இதுவே.

ஊட்டத்தூர் உருண்டைகளையும் பொடிசெய்து, தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு எருவாக விற்க முயன்றனர். அம்முயற்சி கைவிடப்பட்டது. உருண்டைகள் களியிற் சீராகப் பரவாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. அன்றியும், திராவகத்தாற் கரைக்கப்படாத பாஸ்பேட் தண்ணீரிற் கரையாது. புளிப்புத்தன்மையுள்ள மண்ணில் அது மெல்லக் கரைந்து பயிருக்குப் பயன்படும். சுண்ணாம்பு மிகுந்த நம் கரிசலில் அவ்வாறு கரைவதில்லை. சத்து நிலத்திலிருப்பது வேறு, பயிர்க்கு எட்டுவது வேறு என்பதை நமக்கு இது நன்கு உணர்த்துகின்றது.

இந்நிலத்தைப் பண்படுத்தும் முறை

மேற்சொன்ன களிப்பாறையும் சுண்ணாம்புப் பாறையும் வெயிலிலும் மழையிலும் சிதைந்தே, நாம் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் கருமண் பலவிடங்களில் உண்டாயிற்று. ஆதலால் தாய்ப்பாறையின் குணம் மண்ணிலும் இருக்கின்றது. தம் நிலம் சுண்ணாம்பு மிகுந்ததா என்று அறிய விரும்புவோர், உலர்ந்த மண்ணைப் பொடித்து அதன்மீது எலுமிச்சஞ்சாற்றைப் பிழிந்து பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினாற் சுண்ணாம்பு உண்டு. எனினும் இது குறிப்பறியும் முறையே. அளவறிய மண் பரிசோதனை நிலையமே தக்கது.

அத்தகைய நிலமுடையார் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

முதலாவது, சூப்பர் பாஸ்பேட்டை வயல் முழுவதும் தூவினால், அது மண்ணிலுள்ள சுண்ணாம்புடன் கூடி மீண்டும் கரையாத நிலையை அடையும். அதனை மக்கிய தொழு எருவுடன் கலந்து சில வாரம் வைத்திருந்து, விதைச்சாலின் அருகிலேயே இடுதல் வேண்டும். அவ்வாறு இட்டாற் குறைந்த உரத்திலும் மிகுந்த பயன் கிட்டும்.

இரண்டாவது, யூரியாவை மண்ணின்மேல் தூவி விடுதல் கூடாது. சுண்ணாம்பு மண்ணில் அதன் சத்து அம்மோனியா ஆவியாகக் காற்றிற் போய்விடும். உரத்தை மண்ணிற் புதைத்து இடவேண்டும், அல்லது இட்டவுடன் நீர் பாய்ச்ச வேண்டும்.

மூன்றாவது, நிலக்கடலையின் இளம் இலைகள் நரம்பு பச்சையாயிருக்க இடைவெளி மஞ்சளித்தால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. மக்காச்சோளத்தின் இளம் இலைகளில் வெண்பட்டைகள் தோன்றினால் அது துத்தநாகக் குறைவு. இவ்விரண்டும் மண்ணில் இல்லாமையால் அன்று, சுண்ணாம்பு அவற்றைக் கட்டிவைத்திருப்பதாலேயே நேர்வன. விவசாய அலுவலரைக் கலந்து ஏற்ற உப்பை இடுதலும் இலைமேல் தெளித்தலும் செய்யலாம்.

நான்காவது, சுண்ணாம்புப் பாறையிலூறும் கிணற்றுநீர் கடினநீராயிருக்கும். சொட்டு நீர்ப்பாசனக் குழாய்களின் நுண்துளைகளில் வெண்படிவு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஆதலால் அவற்றை உரிய காலத்தில் அமிலமிட்டுச் சுத்தம் செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் பொதுவாக, தொழு எருவும் பசுந்தாள் உரமும் மிகுதியாக இடுவதே இம்மண்ணுக்குச் சிறந்த மருந்து. அவை மக்கும்போது உண்டாகும் புளிப்பு, கட்டுண்ட சத்துக்களை விடுவிக்கின்றது.

காக்கப்பட்டதும் இழக்கப்பட்டதும்

இனி, இப்பழம்பொருள்களின் கதியைப் பற்றிச் சொல்லவேண்டியது மிக முக்கியமானது. இதற்கு நம் பகுதியிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள சாத்தனூரில், கல்லாகிய மரம் ஒன்று ஓடைப்பள்ளத்திற் கிடக்கின்றது. அதன் நீளம் 18 மீட்டர். 1940ஆம் ஆண்டில் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்து உலகுக்குத் தெரிவித்தார். பின்னர் அது தேசிய பூகர்ப்பச் சின்னமாக ஏற்கப்பட்டு, வேலியிட்டுக் காக்கப்பட்டு வருகின்றது. கரையில் வளர்ந்த மரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் கடற்சேற்றிற் புதைந்து கல்லாயிற்று என்பதை, பள்ளிப்பிள்ளைகளும் இன்று நேரிற் கண்டறிகின்றனர்.

அரியலூர் ஜில்லாவிலுள்ள கல்லமேட்டில் நேர்ந்தது வேறு. அங்கே பேருருவப் பல்லியினத்தைச் சேர்ந்த டைனோசர் ஒன்றின் எலும்புகள் அகப்பட்டன. அவற்றை ஆராய்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர், 1987ஆம் ஆண்டில் அதற்கு ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டனர். ‘பேருடல் பல்லி’ என்பது பொருள். அதன் கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளமென்று அளந்து எழுதினர். முதலில் அதனை ஊனுண்ணியென்று எண்ணினர். பின்னர் வந்தோர் அது நீண்ட கழுத்துடைய தழையுண்ணியாகலாமென்றும், உலகில் நடமாடிய நிலப்பிராணிகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாயிருக்கலாமென்றும் கருதினர். ஆனால் இதனை இன்று அளந்து உறுதி செய்ய வழியில்லை. அவ்வெலும்புகள் ஈரத்தாற் சிதைந்து பொடிந்து போயின. எஞ்சியிருப்பன கோட்டுச் சித்திரங்களும் சில புகைப்படங்களுமே. 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் மண்ணிற் பத்திரமாயிருந்தது, மண்ணை விட்டு வெளிப்பட்ட சில ஆண்டுகளில் இல்லாமற் போயிற்று.

இன்னொரு செய்தியும் எச்சரிக்கைக்காகக் கூறத்தக்கது. 2020ஆம் ஆண்டில் குன்னத்தில் நீர்நிலையைத் தூர்வாரியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகளென்று ஜனங்களிடையே பெருவதந்தி பரவியது. நிபுணர்கள் வந்து பார்த்தபின், அவை முட்டைகளல்ல, பழங்கடலின் படிவங்கள் உருண்டு திரண்டவையே என்று தெரிந்தது. அலட்சியத்தால் இழப்பதும் பிழை, ஆராயாமல் ஆரவாரம் செய்வதும் பிழை.

செய்யத்தக்கன

கிணறு வெட்டுதல், குளம் தூர்வாருதல், வரப்பு எடுத்தல், சாலைக்கு மண் எடுத்தல் ஆகிய வேலைகளில் முதலில் நிலத்தைத் திறப்பது குடியானவரின் கடப்பாரையே. பூகர்ப்ப சாஸ்திரி பின்னரே வருகின்றார். பெரும்பாலும் வருவதேயில்லை. ஆதலால் அப்போது செய்யும் சிறு கவனமே பெரும்பயன் தரும்.

வரியுள்ள சிப்பி, சுருண்ட கல், மரநார் தெரியும் கல், எலும்பு போன்ற துளைகளுள்ள கல் ஆகியன அகப்பட்டால் அவற்றை உடைக்கலாகாது. அகப்பட்ட இடத்தின் சர்வே எண்ணையும் ஆழத்தையும் ஒரு தாளிற் குறித்து, கல்லுடன் கட்டி வைத்தல் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கல்லுக்குச் சாஸ்திரத்தில் மதிப்பு மிகக் குறைவு. பெரிய எலும்பு போலத் தோன்றினால் அதனைப் பெயர்த்தெடுக்க முயலாமல், மழைநீர் படாதபடி ஓலையோ தார்ப்பாயோ கொண்டு மூடிவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அதனைத் தாலுகா ஆபீசின் வழியாகப் பூகர்ப்ப இலாகாவுக்கு எட்டச் செய்யலாம். அரியலூரை அடுத்த வாரணவாசியில் சர்க்கார் இத்தகைய கற்படிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கின்றது. அங்கும் கொண்டுபோய்க் காட்டலாம். வியாபாரிகளுக்கு விற்றுவிட்டால் அக்கல்லின் ஊரும் வரலாறும் அன்றோடு தொலைந்துபோம்.

சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழில் நம் ஜில்லாவில் பலருக்குப் பிழைப்பளிக்கின்றது. அதனை நிறுத்தவேண்டுமென்று இவ்வியாசம் கூறவில்லை. ஆனால் வெட்டிய பாறை மீண்டும் விளைவதில்லை. பருத்தி இவ்வாண்டு பொய்த்தால் மறு ஆண்டு விளையும். 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்த சிப்பியடுக்கு ஒருமுறை சூளைக்குப் போனால் போனதே. ஆகவே, ஒவ்வொரு ஊரிலும் பாறை தெளிவாக வெளிப்பட்டுள்ள இடங்களுட் சிறுபகுதி ஒன்றையேனும் வெட்டாமல் விட்டுவைக்கும்படி கிராம சபையார் தீர்மானித்து, மேலதிகாரிகளுக்கு எழுதிக்கொள்வது நன்று. ஓர் ஓடைக்கரையும் ஒரு மேட்டுச்சரிவும் இதற்குப் போதும்.

கல்லங்குறிச்சியின் பெயர் சாஸ்திர நூல்களில் நிலைத்துவிட்டது. அந்நூலைப் படித்துவிட்டுத் தொலைதேசத்து மாணாக்கன் ஒருவன் வந்து, ‘அப்பாறை எங்கே?’ என்று கேட்கும்போது, நம் கிராம அதிகாரி கைகாட்டுவதற்கு இடம் இருக்கவேண்டும். வெட்டிய பள்ளத்தை மட்டும் காட்டும் நிலைமை வாராமற் காப்பது, அந்நிலத்தில் உழுதுண்டு வாழும் நம் எல்லோருக்கும் உரிய கடமையாகும்.